சினாம்பா பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் ஏரி வயல்களான சினாம்பாக்களை ‘மிதக்கும் தோட்டம்’ என்று எழுதுவதுதான் முதல் தவறு. அவை மிதந்ததே இல்லை. ஆழம் குறைந்த ஏரியில் நீளமாக ஒரு துண்டைக் குறித்து, சுற்றிலும் கழி நட்டு, நாணல் படல் கட்டுவார்கள். உள்ளே நீர்ச்செடிகளையும் ஏரிச் சேற்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீருக்கு மேல் நிலம் எழும்வரை உயர்த்துவார்கள். ஓரத்தில் அவெகோத்தே என்ற வில்லோ மர வகையை நடுவார்கள். அதன் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். ஒல்லியாக நெட்டுக்குத்தாக வளர்வதால் பயிருக்கு நிழலும் அதிகம் தட்டாது. நிஜமாகவே மிதக்கும் காய்கறித் தோட்டம் வேண்டுமென்றால் காஷ்மீரின் தால் ஏரியைப் பார்க்கலாம்.

எல்லாப் பெருமையையும், ஸ்பானியர்கள் வருமுன் அங்கே ஆண்ட அஸ்டெக் மக்களுக்கே கொடுத்துவிடுவதும் சரியில்லை. தெற்கே சொச்சிமில்கோ, சால்கோ ஏரிக்கரை மக்கள் அவர்களுக்கு முன்பே இப்படிப் பயிர் செய்தவர்கள். 15ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதிகளைப் பிடித்த அஸ்டெக் அரசு, இந்த முறையைப் பெரிய அளவில் விரித்தது.

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் தண்ணீர். சேற்றை அள்ளிக் கொட்டினால் வயல் வந்துவிடும் என்ற நினைப்பில் எழுதுகிறார்கள். இந்த ஏரிகள் இருந்த மெக்சிகோ பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் வெளியேற இயற்கையான வழி கிடையாது. வருவதெல்லாம் தாழ்வான டெக்ஸ்கோகோ ஏரியில் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் செல்லும். ஊற்றுநீர் வந்த தெற்கு ஏரிகள் நன்னீர் என்பதால்தான் சினாம்பாக்கள் அங்கே செழித்தன. 1449இல் அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானை வெள்ளம் சூழ்ந்தபின், டெக்ஸ்கோகோ நகர அரசர் நெசவால்கொயோட்லின் யோசனைப்படி ஏரியின் குறுக்கே சுமார் 16 கிலோமீட்டருக்கு ஓர் அணை எழுந்தது. உப்புநீரைக் கிழக்கே தடுத்து, நகரத்துப் பக்கம் நன்னீரைத் தக்கவைத்தது அதுதான். நீர்மட்டம் ஏறினால் வேர் அழுகும். இறங்கினால் கீழிருந்து ஈரம் ஏறாது. இந்தக் கணக்கைச் சொல்லாமல் மண்ணை மட்டும் விவரித்தால் பாதிக் கதைதான்.

அப்புறம், சினாம்பாவில் ‘ஆண்டுக்கு ஏழு அறுவடை’ என்ற பேச்சு. அப்படியே எழுதினால் ஏழு முறை மக்காச்சோளம் அறுத்தார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ஒரே வயலில் வெவ்வேறு பயிர்கள் அடுத்தடுத்து வந்தன, அவ்வளவே. அதற்கு உதவியது நாற்றங்கால். வாய்க்கால் அடியிலிருந்து அள்ளிய சேற்றைக் கரையோரம் பாயாகப் பரப்பி, சற்று இறுகியதும் கத்தியால் சிறு கட்டங்களாக அறுப்பார்கள். கட்டத்துக்கு ஒரு குழி, குழிக்குள் விதை. நாற்று வளர்ந்ததும் சேற்றுக்கட்டியோடு பெயர்த்து நடுவார்கள்; வேர் அலுங்காது. முந்தைய பயிர் வயலில் நிற்கும்போதே அடுத்தது தயாராகிவிடும். இப்போது விதைமேல் மாட்டுச் சாணத்தூள் தூவுகிறார்கள். அதை அஸ்டெக் காலத்துக்கும் ஏற்றிச் சொல்லிவிடாதீர்கள். மாடு வந்ததே ஸ்பானியர்களோடுதான்.

1521இல் ஸ்பானியர்களிடம் டெனோச்டிட்லான் வீழ்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. மெக்சிகோ நகரின் தெற்கே சொச்சிமில்கோவில் இன்றும் கீரையும் பூவும் விளைகின்றன. 1987இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அங்கே எல்லாம் பழையபடியே இருக்கிறது என்றும் எழுத முடியாது. ஊற்றுநீரை நகரம் குடிநீருக்குக் கொண்டுபோய்விட்டது. வாய்க்கால்களுக்கு இப்போது சுத்திகரித்த கழிவுநீர் வருகிறது. சில சினாம்பாக்களில் பயிருக்குப் பதில் கால்பந்துத் திடல்கள்.