கடுங்குற்றப் புகாரை எஃப்.ஐ.ஆராகப் பதியச் செய்வது எப்படி?

கொலை, கொள்ளை, ஆள்கடத்தல், பாலியல் வன்கொடுமை போன்று, பிடியாணை இல்லாமலேயே காவல் துறை கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவது நிலைய அதிகாரியின் கடமை. அது அவருடைய விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. கடத்தப்பட்ட ஒரு சிறுமியின் தந்தை தொடுத்த லலிதா குமாரி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பர் 12 அன்று இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. புகார் உண்மையா என்பது புலன் விசாரணையில் தெரியவேண்டியது. அதை முன்கூட்டியே நிரூபிக்கும்படி புகார்தாரரைக் கேட்பது முறையல்ல.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். வாய்மொழியாகச் சொன்னால் அதிகாரி எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். ஆயினும் எழுதிக்கொண்டு போவதே நல்லது. நாள், நேரம், இடம், நடந்தது, பார்த்தவர்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள்; தாமதமாகப் புகார் தருவதாயின் காரணத்தையும் அதிலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் பின்னாளில் எதிர்த்தரப்பு முதலில் தொடும் இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் பலரும் ஏமாந்துபோவது, காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதில்தான். மனு பெறப்பட்டதற்கு அது சான்றே தவிர, வழக்குப் பதிவாகிவிட்டது என்பதற்கு அன்று. குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் உள்ள முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதைக் கட்டணமின்றித் தந்தாக வேண்டும்.

“விசாரித்துவிட்டுப் பதிகிறோம்” என்ற பதிலுக்கும் சட்டத்தில் எல்லை உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், காவல் துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்த 173(3) இடமளிக்கிறது. அனுமதி பெறப்பட்டதா, எந்த நாளிலிருந்து கணக்கு என்று தயங்காமல் கேட்கலாம். கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் இந்த அவகாசம் பொருந்தாது.

பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாயின் துணை ஆணையருக்கு, தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் பலனில்லையெனில், அந்த ஒப்புகையோடும் உறுதிமொழிப் பத்திரத்தோடும் 175(3) பிரிவின்கீழ் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்து, விசாரணைக்கு உத்தரவிடக் கோரலாம். தபால் படியைத் தாண்டி நேரே நீதிமன்றம் போனால் மனு திரும்பக்கூடும். பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்ற குற்றங்களில் தகவலைப் பதியத் தவறும் அதிகாரிக்கு, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது. கண்காணிப்பாளருக்கு எழுதும் மனுவில் இப்பிரிவையும் குறிப்பிடுங்கள்.