சிற்றலை ரேடியோவுக்கு 10 மீட்டர் கம்பி

சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோவில் நிலையங்கள் மங்கலாகக் கேட்டால், வெளியே ஒரு நீளக் கம்பி கட்டி ரேடியோவின் ஏரியலோடு சேர்க்கலாம். கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வீடு என்றால் இடப் பஞ்சமே இல்லை. பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய செம்புக் கம்பி 10 மீட்டர் போதும். ஜன்னலிலிருந்து மரத்துக்கு இழுத்து, மர முனையை நைலான் கயிற்றால் கட்டுங்கள். சற்றுத் தொய்வு இருக்கட்டும். விறைப்பாக இருந்தால் மரம் ஆடும்போது அறுந்துவிடும். மின்கம்பிக்கு மேலோ கீழோ பக்கத்திலோ வேண்டவே வேண்டாம்.

உள்முனையில் 2 செ.மீ. உறையைச் சீவி, முதலை கிளிப் (பல் வைத்த சிறு உலோகக் கவ்வி) மாட்டி, ரேடியோவின் ஏரியலைக் கவ்வவிடுங்கள். ஒரே நிலையம் நாலைந்து இடத்தில் கேட்கிறதா? கம்பி தரும் வலுவான சிக்னலைச் சின்ன ரேடியோ தாங்கவில்லை. கிளிப்பை எடுத்துவிட்டு, உறையோடு கம்பியை ஏரியலில் நாலு சுற்று சுற்றுங்கள். இரைச்சலும் சேர்ந்து ஏறினால் எல்இடி பல்பு, மொபைல் சார்ஜரை அணைத்து, பேட்டரியில் கேளுங்கள்.

கோடை இடிமழைக்கு வானம் கறுக்கும்போதே கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். இடி தொடங்கியபின் தொடாதீர்கள்.