நெஞ்சுத் துடிப்பு விட்டுவிட்டு வந்தபோது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தீபாவளி ஆர்டர் நெருக்கும் சமயத்தில், ராத்திரி படுத்ததும் ஒரு துடிப்பு விட்டுப்போகும், அடுத்தது ஓங்கி இடிக்கும். டாக்டர் இசிஜி, எக்கோ, 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவி, தைராய்டு எல்லாம் பார்த்தார். இதயத்தில் கோளாறு இல்லை, முந்திக்கொண்டு வரும் துடிப்புகள்தான் என்றார்.

அவர் சொன்ன விளக்கம்தான் என் பயத்தைப் பாதி குறைத்தது. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்குமாம். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்புதான் அதை இழுத்துப் பிடித்து 70 பக்கம் வைக்கிறது. கவலையில் அந்தப் பிடி தளர்ந்து அட்ரினலின் ஏறும். இதயத் தசை சட்டென்று தூண்டப்பட்டு முந்தித் துடிக்கும். அதன்பின் வரும் இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு இடிப்பதுபோல் தெரிகிறது.

சரி, என்ன செய்தேன்? சாயங்காலத்துக்கு மேல் ஏற்காட்டுக் காப்பி கிடையாது. கணக்கு நோட்டு பட்டறையிலேயே இருக்கும். படுத்ததும் நிமிடத்துக்கு 6 மூச்சு, வெளியே விடுவதை நன்றாக நீட்டி. மூச்சை விடும்போதுதான் வேகஸின் பிடி இறுகுகிறது. கொஞ்ச நாளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. எப்போதாவது வந்தாலும் பதறுவதில்லை. அந்தப் பதற்றம்தான் அடுத்ததையும் கூட்டி வந்தது.

மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் மூச்சுப் பயிற்சியோடு நிற்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.