மலத்தில் ரத்தம்: நின்றுவிட்டால் சரியாகிவிட்டதா?

காலையில் கழிப்பறையில் சிவப்பாக ஏதோ தெரிகிறது. மனசு திக்கென்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வருகிறோம். "உடம்பு சூடு, அதான்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு ஓர் இளநீர் குடிக்கிறோம். மூன்றாம் நாள் ரத்தம் நின்றுவிடுகிறது. இளநீர் கேட்டுவிட்டது என்று நினைக்கிறோம். நாம் செய்யும் தவறுகளிலேயே பெரியது இந்த நினைப்புதான்.

மூலத்தில் வரும் ரத்தம் தானாக நிற்கும். பெருங்குடல் கட்டியிலிருந்து வரும் ரத்தமும் தானாக நிற்கும். கட்டி தினமும் கசிவதில்லை. இரண்டு நாள் வரும், ஒரு மாதம் காணாமல் போகும், அப்புறம் மறுபடி எட்டிப் பார்க்கும். அதனால் ரத்தம் நின்றதா இல்லையா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

சரி, பொதுவாக எத்தனை நாள் வரும்? மூலம் என்றால் மலம் கழித்து முடிக்கும்போது பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும், பெரும்பாலும் வலி இருக்காது. மலச்சிக்கல் சரியானால் சில நாட்களில் அடங்கிவிடும். ஆசனவாய் வெடிப்பு என்றால் பிளேடால் கீறியது மாதிரி வலிக்கும், போய்விட்டு வந்த பிறகும் எரிச்சல் நீடிக்கும். புதிதாக வந்த வெடிப்பு சில வாரங்களில் ஆறும். 8 வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் அது நாள்பட்ட வெடிப்பு, மருத்துவம் வேண்டும். சீதபேதியில் சளியும் ரத்தமுமாகப் போகும், காய்ச்சலும் வயிற்று முறுக்கலும் கூடவே இருக்கும். பலருக்கு ஒரு வாரத்துக்குள் குறையும். ஆனால் அந்த ஒரு வாரத்தைக் காத்திருந்து கழிக்கக் கூடாது. ரத்தத்தோடு பேதி போனால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், கிருமி குடலுக்குள்ளேயே தங்கிவிட அது வழி செய்துவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசல் மட்டும் தொடர்ந்து கொடுக்கலாம்.

இன்னொரு தவறு, பார்க்காமலே தண்ணீர் ஊற்றுவது. அருவருப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் ஒரு நிமிடம் பாருங்கள். ரத்தம் மலத்தின் மேல் கோடாக ஒட்டியிருக்கிறதா, கடைசியில் தனியாகச் சொட்டியதா, மலத்தோடு கலந்து கருஞ்சிவப்பாக இருக்கிறதா? கலந்து வருவது சற்று மேலே, குடலுக்குள்ளிருந்து வருவதாக இருக்கலாம். முந்தைய நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டிருந்தாலும் சிவப்பாகத்தான் போகும். அதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

சிவப்பைப் பார்த்துப் பதறும் நாம், கறுப்பைப் பார்த்துப் பதறுவதில்லை. உண்மையில் கறுப்புதான் அதிகப் பயம் தர வேண்டியது. இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசியும் ரத்தம் கீழே வருவதற்குள் கறுத்துவிடும். சாலைக்கு ஊற்றும் தார் மாதிரி பிசுபிசுப்பாக, தாங்க முடியாத நாற்றத்துடன், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாமல் ஒட்டிக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கும் மலம் கறுப்பாகத்தான் போகும். ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது.

தார் மாதிரி மலம் பல வீடுகளில் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முழங்கால் வலிக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரையில். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாதக்கணக்கில் போகும். மாத்திரை இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கிவிடும். அந்தப் பெரியவருக்கு வயிற்று வலியே இல்லாமலும் போகலாம். "ரெண்டு நாளா தலை சுத்துது" என்று மட்டும்தான் சொல்வார். அவர் வயதாகிவிட்டது என்று நினைத்துப் படுத்திருப்பார், நாமும் அப்படியே நினைத்துவிடுவோம். தயவுசெய்து அவரிடம் மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேளுங்கள்.

கறுப்பு மலத்தோடு தலைசுற்றல், நிறைய ரத்தம் அல்லது கட்டி கட்டியாக ரத்தம், மயக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கடுமையான வயிற்று வலி, ரத்த வாந்தி அல்லது காபித்தூள் நிறத்தில் வாந்தி: இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே அதை நிறுத்தவும் கூடாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கைக்குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, ரத்தமும் சளியும் கலந்த ஜெல்லி மாதிரி மலம் போனால், குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். உரம் எடுக்க, தொக்கம் எடுக்க என்று கொண்டுபோய் மணிக்கணக்கை இழந்துவிடாதீர்கள்.

அவசரம் இல்லாதவர்கள் எப்போது போவது? கொஞ்சமாக ஒருமுறை வந்து நின்றாலும், முதல் முறை என்றால் அந்த வாரத்துக்குள் காட்டிவிடுவது நல்லது. 2, 3 நாளுக்கு மேல் நீடித்தாலோ, நின்று திரும்ப வந்தாலோ தள்ளிப்போடவே வேண்டாம். வயது 40 தாண்டியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்கள், காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள், ரத்தசோகை இருப்பவர்கள், மலம் போகும் வழக்கமே சில வாரங்களாக மாறியிருப்பவர்கள், இவர்கள் யாரும் "பழைய மூலம்தான்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் இருக்கலாம்.

துத்திக்கீரை, கருணைக்கிழங்கு சாப்பிடுவதில் குறையில்லை, நார்ச்சத்து நல்லதுதான். ஆனால் பேருந்து நிலையச் சுவரில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று ஒட்டியிருப்பதை நம்பி, தகுதி இல்லாதவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த இடம் சீழ் பிடித்தால், மலத்தை அடக்கும் தசையே கெட்டுப்போகலாம்.

பலரைத் தடுப்பது கூச்சம்தான். பரிசோதனையில் நடப்பது இவ்வளவுதான்: இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். கையுறை போட்ட விரலில் ஜெல்லி தடவிப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஒரு சிறு குழாய் வைத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நிமிட வேலை. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. சொல்லக் கூச்சமாக இருந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.