சிறப்புப் படை வீரரின் வீரத்தைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி

ஊரில் ஒரு வீரருக்கு நினைவுப் பலகை வைக்கப் போகிறார்கள். அல்லது பள்ளி ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் கேட்கிறார்கள். அவர் கமாண்டோ என்று தெரியும், காஷ்மீரில் உயிர் நீத்தார் என்று தெரியும். அதற்கு மேல் தேடினால் ஒரு பக்கம் சொல்வதை இன்னொரு பக்கம் மறுக்கும். பட்டாலியன் மாறியிருக்கும், தேதி மாறியிருக்கும், பக்கத்தில் நின்று போரிட்டவர் செய்தது இவர் கணக்கில் ஏறியிருக்கும். கல்லில் வெட்டிய பிறகு தெரியவரும் பிழை அந்தக் குடும்பத்துக்குத் தீராத வேதனை. எழுத உட்காரும் முன் இரண்டு மூன்று நாள் செலவழித்தால் இதைத் தவிர்த்துவிடலாம். இந்திய ராணுவத்தின் பாரா சிறப்புப் படையை, அதாவது பாரா எஸ்.எஃப்.பை, எடுத்துக்காட்டாக வைத்து அந்த வேலையைப் பார்ப்போம்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் ஏழு விவரங்களுக்கு இடம் விடுங்கள்: முழுப் பெயர், பதவி, படை எண், பட்டாலியன், நிகழ்வு நடந்த தேதி, இடம், விருது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து கிடைத்தது என்று குறியுங்கள். செய்தித்தாளில் மட்டும் கிடைத்ததைப் பென்சிலில் எழுதுங்கள். அரசிதழிலோ பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்திலோ பார்த்ததைப் பேனாவில் எழுதுங்கள். கட்டுரைக்குள் பேனா எழுத்து மட்டும் போகட்டும்.

பதவியில் ஒரு சிறு கவனம் வேண்டும். காலாட்படையில் சிப்பாய் என்று சொல்வதை இந்தப் படையில் பாராட்ரூப்பர் என்பார்கள். 2003 ஏப்ரல் 22 அன்று ஜம்மு-காஷ்மீரின் ஹில்காகாவில், பயங்கரவாதிகளுக்கு எதிரான ஆபரேஷன் சர்ப் வினாஷின்போது உயிர் கொடுத்து அசோக சக்கரம் பெற்ற 9 பாரா எஸ்.எஃப். வீரர் பாராட்ரூப்பர் சஞ்சோக் சேத்ரி. அது அவருடைய பதவிப் பெயர். பட்டப்பெயர் என்று நினைத்து அதை விட்டுவிடக் கூடாது. அதேபோல், சம்பவ நாளில் இருந்த பதவியைத்தான் எழுத வேண்டும், பின்னால் உயர்ந்ததை அல்ல.

உண்மையிலேயே சிறப்புப் படையா?

அதிகப் பிழை நேர்வது இங்கேதான். 'கமாண்டோ' என்ற சொல்லை எல்லோருக்கும் ஒட்டிவிடுகிறோம். கருப்பு உடை அணிந்த என்.எஸ்.ஜி. என்ற தேசியப் பாதுகாப்புப் படை வேறு, கடற்படையின் மார்கோஸ் வேறு, விமானப்படையின் கருட் வேறு. 2008 நவம்பர் 28 அன்று மும்பை தாஜ் ஹோட்டலில் உயிர் நீத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் 7 பிஹார் ரெஜிமென்ட்டிலிருந்து என்.எஸ்.ஜி.யின் 51 சிறப்பு அதிரடிக் குழுவுக்குப் போனவர். அவர் பாரா எஸ்.எஃப். அல்ல. நம் மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர். 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியான் மாவட்டத்தில் போரிட்டபோது 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸில், அதாவது பல ரெஜிமென்ட்டுகளிலிருந்து ஆட்களை எடுத்துப் பயங்கரவாதத்தை எதிர்க்கும் படைப்பிரிவில், இருந்தார். 1999 கார்கில் போரில் பட்டாலிக்கில் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணன் 1 பிஹார். மூவரும் காலாட்படை ரெஜிமென்ட்டுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களை 'பாரா கமாண்டோ' ஆக்கினால் அவர்கள் மதிப்பு கூடிவிடாது, அவர்களுடைய சொந்த ரெஜிமென்ட்டின் பெயர்தான் மறைந்துபோகும்.

படம் கையில் இருந்தால் உடையைப் பாருங்கள். மெரூன் நிறத் தொப்பி பாராசூட் ரெஜிமென்ட் முழுவதற்கும் பொது, அதை மட்டும் வைத்து எஸ்.எஃப். என்று முடிவு செய்யக் கூடாது. தோளில் 'ஸ்பெஷல் ஃபோர்சஸ்' என்ற வளைந்த பட்டை இருக்கிறதா, வலது மார்பில் 'பலிதான்' சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பலிதான் சின்னத்தில் கீழ்நோக்கிய குத்துவாளும் மேல்நோக்கி விரிந்த இறக்கைகளும் இருக்கும், பட்டையில் தேவநாகரியில் 'பலிதான்' என்று எழுதியிருக்கும். பாராசூட் இறக்கைச் சின்னம் மட்டும் இருந்தால் அவர் குதிப்புப் பயிற்சி முடித்தவர் என்பதற்குத்தான் அது சான்று.

பட்டாலியன் எண் கிடைத்ததும் அடுத்த கேள்வி: அந்த ஆண்டில் அந்த பட்டாலியன் என்னவாக இருந்தது? இதற்கு வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். 1965 போரில் மேஜர் மேக் சிங் தலைமையில் மேக்தூத் என்ற சிறு படை எதிரியின் பின்புறத்தில் இயங்கியது. அந்த அனுபவத்திலிருந்து 1966 ஜூலையில் 9 பாரா கமாண்டோவும் 1967இல் 10 பாரா கமாண்டோவும் உருவாயின. முன்னது மலைக்கு, பின்னது பாலைவனத்துக்கு. 1 பாரா 1978இல்தான் கமாண்டோவாக மாறியது. 21 மராத்தா காலாட்படை பட்டாலியன் 1996இல் 21 பாரா எஸ்.எஃப். ஆனது. 2, 3, 4 பாரா பட்டாலியன்கள் அதற்கும் பிறகு மாறின.

இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் பல பக்கங்களில் உள்ள தவறு தானாகத் தெரியும். 1965 ஆகஸ்ட் 28 அன்று ஹாஜி பீர் கணவாயைப் பிடித்தது 1 பாராதான், ஆனால் அன்றைக்கு அது வழக்கமான பாராசூட் பட்டாலியன். 1971 டிசம்பர் 11 அன்று இன்றைய வங்கதேசத்தின் டாங்கைலில் பாராசூட்டில் குதித்த 2 பாராவும் அப்படியே. 1988 நவம்பர் 3 இரவு மாலத்தீவில் இறங்கியது 6 பாரா, அதுவும் எஸ்.எஃப். அல்ல. இவற்றைச் சிறப்புப் படையின் சாதனையாக எழுதுவது இன்றைய பெயரை அன்றைய ஆட்களுக்குச் சூட்டுவது. 1971இன் கமாண்டோ நடவடிக்கை வேண்டுமென்றால் இரண்டு உண்டு. டிசம்பர் 13-14 இரவில் 9 பாரா கமாண்டோ பூஞ்ச் பகுதியில் எல்லை தாண்டி மண்டோலில் பாகிஸ்தானின் ஆறு 122 மி.மீ. பீரங்கிகளைத் தகர்த்தது. சிந்து பாலைவனத்தில் லெப்டினன்ட் கர்னல் பவானி சிங் தலைமையில் 10 பாரா கமாண்டோ சாச்ரோவைத் தாக்கியது, அதற்காக அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. இந்த இரண்டையும் எழுதும்போது 'பாரா கமாண்டோ' என்றே எழுதுங்கள், 'எஸ்.எஃப்.' என்ற பெயர் பின்னால் வந்தது.

பதக்கத்தை வாசிப்பது

ஆறு வீர விருதுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. எதிரியை நேருக்கு நேர் எதிர்கொண்டு காட்டிய வீரத்துக்கு பரம்வீர், மகாவீர், வீர் சக்கரங்கள். இவை 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடி ஆயின. அதற்கு வெளியே காட்டிய வீரத்துக்கு அசோக, கீர்த்தி, சௌர்ய சக்கரங்கள். 1952இல் அசோக சக்கரம் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று தொடங்கிய இவை 1967இல்தான் இப்போதைய பெயர்களைப் பெற்றன. ஆகவே 1967க்கு முந்தைய பதிவில் 'அசோக சக்கரம், மூன்றாம் வகுப்பு' என்றிருந்தால் அது இன்றைய சௌர்ய சக்கரம். அதை வெறுமே 'அசோக சக்கரம்' என்று எழுதுவது பெரும் பிழை.

காஷ்மீரில் பயங்கரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கைகளில் பெரும்பாலும் இரண்டாம் வரிசைதான் கிடைக்கும். 'பரம்வீர் சக்கரம் கொடுக்கவில்லையே' என்று எழுத வேண்டாம். அசோக சக்கரம் அந்த வரிசையின் உச்சம்.

ரிப்பனைப் பார்த்தே அடையாளம் காணலாம். பரம்வீர் முழு ஊதா. மகாவீர் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. மற்ற மூன்றும் பச்சைத் துணியில் ஆரஞ்சுக் கோடுகள்: அசோகத்துக்கு ஒன்று, கீர்த்திக்கு இரண்டு, சௌர்யத்துக்கு மூன்று. கோடு கூடக்கூட விருது கீழே இறங்கும் என்று நினைவில் வைத்தால் போதும். சேனா பதக்கம் சிவப்பில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அது வீரத்துக்கும் உண்டு, சிறப்பான பணிக்கும் உண்டு. எது என்று அரசிதழில் பார்த்து, வீரத்துக்கு என்றால் அதைச் சேர்த்தே எழுதுங்கள். ஒரே விருது இரண்டாம் முறை கிடைத்தால் அது 'பார்', தனிப் பதக்கம் அல்ல.

தேதிகள் மூன்று இருக்கும்: சண்டை நடந்த நாள், விருது அறிவித்த நாள், குடும்பத்தாரோ வீரரோ அதைக் கையில் பெற்ற நாள். அறிவிப்பு வழக்கமாகக் குடியரசு நாளையோ சுதந்திர நாளையோ ஒட்டி வரும். மேஜர் மோஹித் சர்மா வீழ்ந்தது 2009 மார்ச் 21, அசோக சக்கரம் வழங்கியது 2010 ஜனவரி 26. 'ஜனவரி 26 அன்று வீரமரணம்' என்று எங்கேனும் பார்த்தால் இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டார்கள் என்று பொருள். பலகையில் சண்டை நடந்த நாள்தான் வர வேண்டும்.

சான்றுரையை வரி வரியாகப் பிரிப்பது

விருதோடு வரும் சான்றுரை அரை அல்லது முக்கால் பக்கம்தான் இருக்கும், நடை அலுவலக நடை. அதில் வரும் அடைமொழிகளை, 'ஒப்பற்ற', 'தன்னலமற்ற' போன்றவற்றை, பென்சிலால் அடித்துவிடுங்கள். வினைச்சொற்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வீரம் அங்கேதான் இருக்கிறது.

மோஹித் சர்மாவின் சான்றுரையை இப்படிப் பிரித்தால் வரிசை தெளிவாக வரும். குப்வாரா மாவட்டம், ஹஃப்ருடா காடு. 1 பாரா எஸ்.எஃப்.பின் பிராவோ தாக்குதல் குழுவை அவர் நடத்திப் போகிறார். மூன்று திசையிலிருந்து பயங்கரவாதிகள் சுடுகிறார்கள். நான்கு கமாண்டோக்கள் உடனே காயமடைகிறார்கள். அவர் தவழ்ந்து போய் இரண்டு பேரை மீட்கிறார். கையெறி குண்டு வீசி இரண்டு பயங்கரவாதிகளை வீழ்த்துகிறார். மார்பில் குண்டு படுகிறது. அதற்குப் பிறகும் ஆட்களுக்குக் கட்டளை கொடுக்கிறார். நெருங்கிப் போய் மேலும் இருவரை வீழ்த்துகிறார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மீட்டது முதலில், மார்புக் காயம் பிறகு, கடைசிப் பாய்ச்சல் அதற்கும் பிறகு. 'மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் தோழர்களை மீட்டார்' என்று மாற்றி எழுதினால் கேட்க உருக்கமாக இருக்கும், ஆனால் நடந்தது அது அல்ல. முதலில் எதைச் செய்தார் என்பதே அவர் யார் என்று சொல்கிறது.

இதே காட்டின் பெயர் இன்னும் இரண்டு அசோக சக்கரப் பதிவுகளில் வருகிறது. 1999 ஆகஸ்ட் 29 அன்று 9 பாரா எஸ்.எஃப்.பின் மேஜர் சுதிர் குமார் வாலியா ஐந்து பேர் கொண்ட ஸ்குவாடோடு இங்கே இருந்த மறைவிடத்தைத் தாக்கினார். படுகாயமடைந்த பிறகும் 35 நிமிடம், துப்பாக்கிச் சத்தம் ஓயும் வரை, தன்னைத் தூக்கிச் செல்ல விடவில்லை. 2015 செப்டம்பர் 2-3 இரவில் அதே பட்டாலியனின் லான்ஸ் நாயக் மோகன் நாத் கோஸ்வாமி காயம்பட்ட தோழர்களைக் காக்க முன்னே பாய்ந்து, தொடையிலும் பிறகு வயிற்றிலும் குண்டு வாங்கியும் நிற்காமல் போரிட்டார். 16 ஆண்டுகளில் ஒரே காட்டில் மூன்று அசோக சக்கரங்கள். இதைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது. எழுதுபவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. இடத்தின் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள், ஒரு எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் மற்ற பதிவுகள் சிக்காது. எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள். பெயரோடு பட்டாலியனும் தேதியும் பொருந்தினால்தான் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூவரின் சண்டையும் கலந்துவிடும்.

எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற எண்ணில்தான் மிகைப்படுத்தல் அதிகம் நடக்கும். குழு வீழ்த்திய எண்ணிக்கையையும் அவர் தனியாக வீழ்த்திய எண்ணிக்கையையும் ஒன்றாக்கிவிடுவார்கள். கோஸ்வாமி கடைசி 11 நாட்களில் மூன்று நடவடிக்கைகளில் பங்கேற்றார், அவற்றில் மொத்தம் பத்து பயங்கரவாதிகள் கொல்லப்பட்டார்கள். இது அந்த மூன்று நடவடிக்கைகளின் கணக்கு. 'தனி ஒருவராகப் பத்துப் பேரை' என்று எழுதினால் கூட நின்ற தோழர்களின் பங்கை எடுத்து இவரிடம் கொடுத்ததாகிவிடும். அதை அவரே ஏற்றிருக்க மாட்டார்.

எதிர்ப்பக்கத்துப் பதிவும் வேண்டிய இடம்

சில சண்டைகளை ஒரு தரப்பு ஆவணத்தை மட்டும் வைத்து எழுதக் கூடாது. 1987 அக்டோபர் 11-12 இரவில், இலங்கையில் இந்திய அமைதிப் படை நடத்திய ஆபரேஷன் பவன் காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து 10 பாரா கமாண்டோவும் 13 சீக்கிய இலகு காலாட்படையும் இறங்கியது அப்படிப்பட்டது. இறங்கிய இடத்தில் விடுதலைப் புலிகள் காத்திருந்தார்கள். இறங்கிய 30 சீக்கிய வீரர்களில் ஒருவர்தான் பிழைத்தார். அவர்களுடைய துணிவை எழுதுங்கள். அதே மாதம் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டதை ஈழத்து வாசகர்கள் இன்றும் சுமக்கிறார்கள் என்பதையும் மறவாமல் எழுதுங்கள். தேதி, இடம், பிரிவு மூன்றையும் துல்லியமாகப் பிரித்துச் சொன்னால் இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கும்.

தெரியாததை விட்டுவிடுவது

சிறப்புப் படையில் பல நடவடிக்கைகளின் விவரம் வெளியே வராது. 2016 செப்டம்பர் 28-29 இரவில் காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நடத்திய தாக்குதலில் 4, 9 பாரா எஸ்.எஃப். வீரர்கள் பங்கேற்றார்கள், 4 பாராவின் மேஜர் ரோஹித் சூரிக்குக் கீர்த்தி சக்கரம் கிடைத்தது. அறிவிக்கப்பட்ட இத்தகைய தகவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த வழியாகப் போனார்கள், எந்த ஆயுதம் என்பதையெல்லாம் கற்பனையால் நிரப்பாதீர்கள். பணியில் இருப்பவர்களின் முகம், இருக்கும் முகாம், குடும்பத்தார் வசிக்கும் தெரு எதுவும் எழுத்தில் வர வேண்டாம்.

உயிர் நீத்தவர் என்றால் டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த அந்த இடத்தில் தியாகச் சக்கரத்தின் கருங்கல் பலகைகளில் பெயர், பதவி, பிரிவு வெட்டப்பட்டிருக்கின்றன. பெயரின் எழுத்துக்கூட்டலை அங்கிருந்தே எடுப்பது நல்லது. குடும்பத்தாரிடம் பேச வேண்டும் என்றால் நேரே வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் எழுதி முடித்ததை அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். காயத்தை விவரிக்கும் வரிகளை அம்மாவோ மனைவியோ எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். தேதியையோ பெயரையோ திருத்தினால் அவர்களிடம் இருக்கும் தாளைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

பலகைக்கு இடம் குறைவு என்றால் நான்கு வரி போதும்: பதவியோடு முழுப் பெயர், பட்டாலியன், வீழ்ந்த நாளும் இடமும், விருது. மறைவுக்குப் பின் கிடைத்த விருது என்றால் அதையும் அந்த நான்காம் வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.