அட்டையில் இருந்த ஆண்டு

வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதையை பைக்கில் சுற்ற வேண்டும் என்பது எனக்கும் என் துணைவருக்கும் பல நாள் ஆசை. ஓட்டப்போவது அவர், பின்னால் உட்காரப்போவது நான். அவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி, சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவிட்டார். அதன் அட்டையில் 1949-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை என்று அச்சாகியிருந்தது. வியட்நாம் ஏற்பதோ 1968 வியன்னா உடன்படிக்கையின்படி தரும் அனுமதியை. பயணக் காப்பீட்டின் நிபந்தனைகளைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: செல்லுபடியாகாத அனுமதியோடு ஓட்டி விழுந்தால் மருத்துவச் செலவை நாங்களே சுமக்க வேண்டும்.

சரி என்று நாட்டையே மாற்றினோம். தாய்லாந்தில் 1949 அனுமதி செல்லும். நம் ஊர் போலவே இடதுபுறம்தான் ஓட்டுகிறார்கள். சியாங் மாயில் கிளம்பி பாய், மே ஹாங் சோன், மே சாரியாங் வழியாகத் திரும்பும் வட்டம், சுமார் 600 கிலோமீட்டர். அனுமதியில் 'ஏ' பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், பைக்குக்கு அதுதான்.

அப்புறம் மூட்டை. பாய் போகும் வழியில் மட்டும் 762 வளைவுகள் என்றார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒத்திகை பார்த்தோம். முதுகுப்பை ஒவ்வொரு திருப்பத்திலும் என்னைப் பின்னால் இழுத்தது. பாதி மலையிலேயே தோள்பட்டை கடுத்துவிட்டது. அதனால் பெரிய பெட்டியை சியாங் மாய் விடுதியிலேயே விட்டோம். நான்கு நாள் துணியை ஒரே பையில் அடக்கி பின்கம்பியில் கட்டினோம். என் முதுகில் எதுவும் இல்லை. நான் அவர் தோளில் இரண்டு முறை தட்டினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பேசிவைத்துக்கொண்டோம்.