குட்டையில் பந்து விழுந்த பிறகு

ஞாயிறுதோறும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்ப் பக்கம் கோல்ஃப் ஆடப் போகிறேன். இப்போது புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலை வேலையில் இருக்கும் இளைஞர்கள். அடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் பந்து குட்டைக்குள் போய்விட்டால், அந்தக் காலத்தில் நான் செய்த கோமாளித்தனங்களை ஒன்று விடாமல் செய்கிறார்கள். குட்டையிலிருந்து பந்தை வெளியே எடுத்துப் போட ஓர் அடி தண்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடப்பதுதான் சிக்கல்.

பந்து முங்கிய இடத்துக்குப் போய் நிற்பது

மாதாந்திரப் போட்டி ஒன்று. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. வலப்புறம் நெடுக ஒரு குட்டை, அதன் ஓரத்தில் எல்லையைக் காட்டும் சிவப்பு முளைகள். என் பந்து நேராகத்தான் கிளம்பியது. பிறகு வலப்பக்கம் வளைந்து முளை வரிசையைத் தாண்டி, தண்ணீருக்கு மேலேயே வெகுதூரம் பறந்து முங்கியது. நானும் கரையோரமாகவே நடந்து போனேன். முங்கிய இடத்துக்கு நேராக நின்று, இரண்டு மட்டை நீளம் அளந்து, பந்தைப் போட்டு அடித்தேன். கொடிக்குப் பக்கத்திலேயே போய் நின்றது. தண்டத்தையும் சேர்த்து நான்கு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த குழிக்கு முதல் அடியை அடித்தேன்.

என் அட்டையைக் குறித்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற சர்வேயர். தன் பந்தைத் தேடி அந்தப் பக்கம் போயிருந்ததால் நான் செய்ததைப் பார்க்கவில்லை. "தம்பி, எங்கிருந்து அடித்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "முங்கின இடத்தை யார் கேட்டார்கள்? முளையை எங்கே தாண்டியது? ஏரிப் புறம்போக்கு எல்லைக்கல்லிலிருந்து தொடங்குகிறது, தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து அல்ல."

அறுபது மீட்டருக்கு மேல் முன்னால் போய் அடித்திருக்கிறேன். தவறான இடத்திலிருந்து அடித்தால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டம். இவ்வளவு பெரிய ஆதாயம் கிடைத்திருந்தால் அது கடுமையான மீறல். அடுத்த குழிக்கு முதல் அடி அடிப்பதற்குள் திரும்பிப் போய், சரியான இடத்திலிருந்து அந்தக் குழியை ஆடி முடித்திருக்க வேண்டும். நான்தான் அடித்துவிட்டேனே! போட்டியிலிருந்தே நீக்கினார்கள். போன மாதம் ஒரு பையன் தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்தபடி கரையில் முன்னேறியதைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், பந்து அங்கேதானே விழுந்தது?" என்கிறான்.

குட்டைகளுக்கான கோல்ஃப் விதி 17 கேட்பது ஒன்றைத்தான்: பந்து எல்லையைக் கடைசியாகத் தாண்டிய இடம் எது? முளை சிவப்பாக இருந்தால் அந்த இடத்திலிருந்து, கொடிக்கு நெருங்காமல், இரண்டு மட்டை நீளத்துக்குள் போடலாம். அளப்பதற்கு, பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரைத் தவிர்த்துப் பையில் உள்ளவற்றில் நீளமான மட்டை. மஞ்சள் முளைக்கு இந்தச் சலுகை கிடையாது. முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும், அல்லது நேர்கோட்டில் பின்னால் போக வேண்டும். சிவப்புக்கும் இந்த இரண்டு வழிகள் உண்டு.

"கடைசியாக" என்ற சொல்லையும் கவனியுங்கள். பந்து குட்டையைக் கடந்து எதிர்க்கரையில், எல்லைக்கு வெளியே விழுந்து, சரிவில் உருண்டு தண்ணீருக்குள் திரும்பினால், கடைசியாகத் தாண்டியது எதிர்க்கரையில்தான். இது தெரியாமல் சிவப்பு முளைக் குட்டையில் இக்கரைக்கே திரும்பி வந்து தூரத்தைத் தானம் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தவறுக்கு ஒரு தம்பி உண்டு. பின்னால் போகும்போது பந்து பறந்து வந்த பாதையிலேயே நடப்பது. அந்தப் பாதைக்கு இங்கே வேலையே இல்லை. கொடி, எல்லை தாண்டிய இடம், நீங்கள், மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். நிலம் அளப்பவர் கம்பு நட்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுபோல் பாருங்கள். வளைந்து போன பந்துக்கு இந்த இரண்டு பாதைகளும் வெகுவாக விலகியிருக்கும். 2023 முதல் பந்தை அந்தக் கோட்டின் மேலேயே போட வேண்டும். தரையில் பட்ட இடத்திலிருந்து எந்தத் திசையிலும் ஒரு மட்டை நீளத்துக்குள் நின்றால் போதும்.

தண்ணீர் இல்லையே என்று வாதாடுவது

வறண்ட ஏரியும் பட்டா நிலம் ஆகிவிடாது. முளைக்கு உள்ளே இருந்தால் உள்ளேதான். 2019இல் 'வாட்டர் ஹசார்ட்' (தண்ணீர் இடர்) என்ற பெயரையே 'பெனால்டி ஏரியா' (தண்டப் பகுதி) என்று மாற்றிவிட்டார்கள்.

"குட்டையில்தான் போயிருக்கும்"

குட்டையை ஒட்டிப் புதர் இருந்தால் இந்த "போயிருக்கும்" செல்லாது. உள்ளேதான் போனது என்பது கிட்டத்தட்ட உறுதியாக, அதாவது குறைந்தது 95 சதவீதம், தெரிய வேண்டும். இல்லையென்றால் மூன்று நிமிடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அது தொலைந்த பந்து. ஓர் அடி தண்டத்தோடு பழைய இடத்துக்கே நடக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டு மாற்றுப் பந்து ஒன்று அடித்துவையுங்கள். குட்டையைத் தவிர வேறெங்கும் போயிருக்காது என்று தெரிந்தால் மட்டும் அது கூடாது. அடித்தால் அதுவே ஆட்டப் பந்து ஆகிவிடும்.

உள்ளே மட்டை தரையில் படக் கூடாதென்று நடுங்குவது

படலாம். 2019 முதல்.

தோள் உயரத்திலிருந்து போடுவது

முழங்கால்.

சிவப்பு என்றால் எதிர்க்கரையும் நம்முடையது

சம தூரத்தில் எதிர்க்கரையிலும் போடலாம் என்பது பழைய விதி. இப்போது மைதானத்தின் உள்ளூர் விதி அனுமதித்தால்தான் உண்டு. சில மைதானங்களில் அது ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.